வெளிநாட்டிலிருந்து நீண்ட விடுப்பில் வீட்டுக்குப் போவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வாரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குள். வெளிநாட்டில் குடியிருப்பவர் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், நண்பர்களோடு இருந்துவிட்டு வரும் நீண்ட பயணத்துக்கானது இந்த வழிகாட்டி. பத்து நாளில் திரும்புகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

நான் இப்படி ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். முதல் இரண்டு முறை நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் புதிதாகப் போகிறவர்கள் இன்றும் விழுகிறார்கள். பெரும்பாலும் வரிசையில்தான் கோளாறு. முதலில் டிக்கெட், உடனே எல்லோருக்கும் தேதி சொல்வது, அதற்குள் நாட்கள் நிரம்பிவிடும். விசாவும் பெற்றவர்களின் தேவையும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். கீழே இருப்பது அப்படியே தலைகீழான வரிசை. நகர்த்த முடியாத விஷயங்கள் முதலில். யாருக்காகப் போகிறோமோ அவர்களுக்கான நாட்கள் அடுத்து. மற்றதெல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில்.

1. திரும்பி வர முடியுமா என்று முதலில் பாருங்கள் (4 மாதம் முன்பு)

சொந்த நாட்டுக்குள் போவதில் சிக்கல் வருவது அபூர்வம். திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் காகிதங்களைத் திரும்பும் தேதியை வைத்துச் சரிபாருங்கள்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் மீதம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. நீங்கள் மூன்று மாதம் தங்கப்போகிறீர்கள் என்றால், இன்று 8 மாதம் இருப்பது போதாது. விமான நிறுவனத்தின் கவுண்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கையில் வையுங்கள்.

அடுத்து குடியிருப்பு உரிமை. எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தின் சாதாரணக் குடியிருப்பு விசா, தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் செல்லாமல் போகும். நீண்ட காலத்துக்குத் தரப்படும் கோல்டன் விசாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சவூதியில் வெளியே போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவில் குறித்த காலத்துக்குள் திரும்பியாக வேண்டும். சிங்கப்பூர் நிரந்தரவாசிக்கு வெளியே போய் அதே தகுதியோடு திரும்ப, ரீ-என்ட்ரி பெர்மிட் நடப்பில் இருக்க வேண்டும். கனடாவின் நிரந்தரவாசி 5 வருடத்தில் 730 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கு நாள் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டுக்காரர் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பின்னால் குடியுரிமை கேட்கும்போது தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்படலாம்.

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. நாட்டுக்குள் தங்குவதற்கான அனுமதி வேறு, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா வேறு. விசா காலாவதியாகியிருந்தால் உள்ளே வேலை செய்யலாம், ஆனால் வெளியே போனால் புதுசு வாங்காமல் திரும்ப முடியாது. தூதரகத்தில் நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்று பார்த்த பிறகுதான் டிக்கெட் பக்கம் போக வேண்டும்.

குழந்தைகளின் காகிதங்களைத் தனியாகப் பாருங்கள். வெளிநாட்டில் பிறந்த குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால், தாத்தா பாட்டி வீட்டுக்குப் போக அதற்கு விசா தேவைப்படலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போவதென்றால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வைத்திருங்கள்.

2. எத்தனை நாள் என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

ஆசையை வைத்து நாளை முடிவு செய்தால் மூன்று இடத்தில் இடிக்கும்: விடுப்பு, வரி, காப்பீடு.

விடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் வாங்குங்கள், அவ்வளவுதான்.

வரிக் கணக்கில் பல நாடுகள் 183 நாளைக் கோடாக வைத்திருக்கின்றன. இந்தியாவில் பொதுவான கோடு 182. ஒரே பயணத்தில் யாரும் அதைத் தாண்டுவதில்லை. ஆனால் அதே வரி ஆண்டில் முன்பு இரண்டு முறை வந்துபோயிருந்தால் எல்லா நாளும் கூடும். வந்த நாளும் கிளம்பிய நாளும் சேர்த்து எண்ணப்படும் நாடுகள் உண்டு. வரி ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்றும் பாருங்கள்.

பயணக் காப்பீட்டில் "வருடம் முழுவதும்" என்று போட்டிருக்கும். உள்ளே, ஒரு பயணம் 30 அல்லது 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஏழு வாரப் பயணத்தில் கடைசி நாட்கள் காப்பீடே இல்லாமல் ஓடும். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் காப்பீட்டிலும் ஆளில்லாமல் 30 அல்லது 60 நாள் கிடந்தால் சில பாதுகாப்புகள் நின்றுபோகும் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கப்போகிறேன் என்பவர்கள் நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை செய்வது வரி, தகவல் பாதுகாப்பு, விசா என்று பல கேள்விகளைக் கிளப்பும். அனுமதி கிடைத்தாலும் என் யோசனை ஒன்று: தினமும் பாதி நாள் வேலை, பாதி நாள் வீடு என்று கலக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் பிள்ளையை அம்மா இருக்கிறான் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் தவிப்பார். இரண்டு வாரம் முழு வேலை, பிறகு நான்கு வாரம் முழு விடுப்பு என்று கட்டம் கட்டமாகப் பிரித்தால் எல்லோருக்கும் தெளிவு.

3. டிக்கெட் எடுக்கும் முன் வீட்டில் பேசுங்கள்

"திடீரென்று போய் நின்று சந்தோஷப்படுத்தலாம்" என்ற எண்ணம் வார இறுதிப் பயணத்துக்குச் சரி. ஏழு வாரம் தங்கப்போகிறவர் சொல்லாமல் போகக் கூடாது.

முதலில் பேச வேண்டியது பெற்றோருடன் வருடம் முழுக்க இருப்பவரிடம். அது அக்காவாக, தம்பியாக, அண்ணியாக இருக்கலாம். மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, பில் கட்டுவது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் அவர் தலையில். நாம் போய் இறங்கியதும் வீட்டில் வேலை கூடுகிறது, கவனம் முழுக்க நம் பக்கம் திரும்புகிறது. அவருடைய சோர்வு யார் கண்ணிலும் படாது. "நான் இருக்கும் நாட்களில் நீ எங்கேயாவது போய்விட்டு வர வேண்டுமா, உனக்கு எந்த வாரம் வசதி?" என்று கேட்டுப் பாருங்கள். என் அக்காவிடம் நான் இதைக் கேட்டது நான்காவது பயணத்தில்தான். சற்று நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "பத்து நாள் போதும்டா" என்றாள். அந்தப் பத்து நாளை வைத்துத்தான் அந்த முறை டிக்கெட் எடுத்தேன்.

பிறகு பெற்றோரிடம். எங்கே படுப்போம், அந்த மாதங்களில் வீட்டில் அறுவை சிகிச்சையோ தேர்வோ வேறு விருந்தாளியோ உண்டா, நான் இருக்கும்போது முடிக்க வேண்டிய காரியம் என்னென்ன என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல, நீ வந்தா போதும்" என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இன்னும் இரண்டு முறை, வேறு வேறு நாளில் கேளுங்கள். மூன்றாவது முறைதான் காரியம் வெளியே வரும்.

வீட்டுச் செலவில் உங்கள் பங்கை வந்த மூன்றாம் நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். கிளம்பும்போது கையில் திணித்தால் அது அன்பளிப்பாகிவிடும், வாங்க மறுப்பார்கள். ஆரம்பத்தில் கொடுத்தால் அது வீட்டுக் கணக்கு.

4. டிக்கெட்

திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். நீண்ட பயணத்தில் தேதி மாறுவதற்கான வாய்ப்பு அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

வழியில் மாறும் விமானங்கள் எல்லாம் ஒரே முன்பதிவில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதைத் தவறவிட்ட நஷ்டம் உங்களுடையது. ஒரே முன்பதிவென்றால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு.

எந்த விசேஷத்துக்காகப் போனாலும் அதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு இறங்குங்கள். திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகும்படி வைக்காதீர்கள்.

5. உடம்பு (6 வாரம் முன்பு)

நம் ஆட்கள் அதிகம் அலட்சியப்படுத்தும் படி இதுதான். "நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு என்ன ஆகும்?" என்பார்கள். உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மலேரியா, டைஃபாய்டு போன்றவை வரும் ஆபத்து சுற்றுலாப் பயணிகளைவிட அதிகம் என்பது பயண மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். நீண்ட நாள் தங்குகிறோம், வீட்டோடு வீடாகப் புழங்குகிறோம், கிளம்பும் முன் மருத்துவரைப் பார்ப்பதில்லை. மலேரியா பரவும் பகுதியில் வளர்ந்தவரின் உடம்பில் இருந்த ஓரளவு எதிர்ப்பும் சில வருடம் வெளியே வாழ்ந்தால் குறைந்துவிடும். வெளிநாட்டிலேயே பிறந்த குழந்தைக்கு அதுவும் கிடையாது.

4 முதல் 6 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசி வேலை செய்ய நாள் எடுக்கும். மலேரியாத் தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றை 2 வாரம் முன்பே தொடங்க வேண்டும், திரும்பிய பிறகும் தொடர வேண்டும். கைக்குழந்தை இருந்தால் தட்டம்மைத் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். 6 மாதம் ஆன குழந்தைக்குப் பயணத்தை முன்னிட்டு ஒரு டோஸ் முன்கூட்டியே போடுவதுண்டு. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் நாடு வழியில் இருந்தால், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மொத்த நாட்களுக்கும் அதற்கு மேல் 2 வாரத்துக்கும் எடுங்கள். அசல் அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும், ஏனென்றால் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கடுமையான வலி நிவாரணி, தூக்க மாத்திரை, கவனக்குறைவுக் கோளாறுக்கான மருந்து ஆகியவற்றில் சில, சில நாடுகளில் தடைசெய்யப்பட்டவை. விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள்.

6. போனும் வங்கியும்

நீங்கள் குடியிருக்கும் நாட்டின் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். இதில் பிசகினால் மற்ற எல்லாமே பிசகும். வங்கி, காப்பீடு, அலுவலகம், மின்சாரக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்ட் எண் பல வாரம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் நின்றுபோகலாம். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்த கணக்குகளை ஓடிபி குறுஞ்செய்தியிலிருந்து அங்கீகாரச் செயலிக்கு மாற்றுங்கள். இதைக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். போன பிறகு மாற்றப் போனால் அதற்கும் ஓடிபி கேட்கும்.

இரண்டு சிம் போடும் போனா என்று பாருங்கள். வங்கிக்குப் பயணத் தேதியைச் சொல்லுங்கள். வேறு வேறு வங்கியின் இரண்டு அட்டைகளை வேறு வேறு பையில் வையுங்கள்.

7. பூட்டிவிட்டுப் போகும் வீடு

தண்ணீர்க் குழாயின் முதன்மை வால்வை மூடுங்கள். கட்டணங்களைத் தானாகக் கழியும்படி வையுங்கள். கார் பல வாரம் ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடும், ஒரு இணைப்பைக் கழற்றிவிடுங்கள் அல்லது வாரம் ஒருமுறை ஓட்ட ஆள் பாருங்கள். ஒரு சாவி நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். தபால் பெட்டி நிரம்பி வழிந்தால் வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே தெரியும்.

8. பெட்டி

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர், அதனால் பிரச்சினை இல்லை. அளவு அச்சாகாத, அல்லது அழிந்துபோன பவர் பேங்கைப் பறிமுதல் செய்யலாம். நிறுவனங்கள் சொந்தமாகக் கூடுதல் விதி வைப்பதும் உண்டு.

பரிசுகளை எல்லோருக்கும் வாங்கப் போனால் யாரோ ஒருவர் விட்டுப்போவார், அது வருத்தமாக முடியும். அதற்குப் பதில், வீட்டில் எது தேவை என்று கேட்டு அதை வாங்குங்கள். அப்பாவுக்கு எளிதாகத் திறக்கும் மாத்திரைப் பெட்டி, அம்மாவுக்கு வெளிச்சமான மேசை விளக்கு போன்றவை கிளம்பிய பிறகும் தினமும் கையில் இருக்கும்.

பெட்டி வராமல் போனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுண்ட்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

9. நாட்களைப் பிரிக்கும் காகிதம்

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். முழுப் பயணத்தின் நாட்களையும் ஒரே காகிதத்தில் கட்டமாகப் போடுங்கள். போனில் போட்டால் ஒரே பார்வையில் தெரியாது.

முதல் 4 நாளை அடித்துவிடுங்கள். அவை தூக்கத்துக்கும் வீட்டாருக்கும் மட்டும். கடைசி 5 நாளையும் அதே போல அடித்துவிடுங்கள். இந்த இரண்டு முனைகளையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இரண்டாவதாக, அலுவலகம், வங்கி, மருத்துவமனை சம்பந்தமான வேலைகளை முதல் பாதியில் எழுதுங்கள். எந்தக் காகித வேலையும் ஒரே நடையில் முடிவதில்லை. ஒரு கையெழுத்தோ ஒரு நகலோ குறையும், மறுபடி வரச் சொல்வார்கள். கடைசி வாரத்தில் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

திருமணமானவர்கள் இரண்டு பேரின் பெற்றோர் வீட்டுக்கும் நாட்களை இப்போதே, உட்கார்ந்து, எண்ணாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் ஒவ்வொரு நாளும் வழக்கு. இரு வீட்டாருக்கும் எண்ணைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிறகு நண்பர்களும் மற்ற உறவினர்களும். ஒரு நாளைக்கு ஒரு வீடு, அதற்கு மேல் வேண்டாம். ஒரு பயணத்தில் நான் 9 நாளில் 14 வீடு ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றிலும் அதே கேள்விகளுக்கு அதே பதில்கள். யாரோடு என்ன பேசினேன் என்பது அந்த மாதமே மறந்துவிட்டது.

இப்போது காகிதத்தைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு நாட்களாவது வெறுமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எதையாவது வெட்டுங்கள். அந்த வெறும் நாட்களில்தான் அப்பா பேச ஆரம்பிப்பார். அவருக்கு நாம் எங்கேயும் கிளம்பவில்லை என்று நம்பிக்கை வருவதற்கே சில நாட்கள் வேண்டும்.

காகிதம் முடிந்த பிறகே தேதியை வெளியில் சொல்லுங்கள். அப்போதும் "இந்த மாதம் வருகிறேன், இறங்கி ஒரு வாரம் கழித்து நானே அழைக்கிறேன்" என்று மட்டும் சொல்வது நல்லது.

10. முதல் வாரம்

உடம்பின் கடிகாரம் ஒரு நேர மண்டலத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கஷ்டம். பகலில் வெளிச்சத்தில் இருங்கள், மத்தியானத் தூக்கத்தை அரைமணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் கலைந்த நிலையில் பணம், சொத்து, சண்டை பற்றிய எந்தப் பேச்சிலும் முடிவு சொல்லாதீர்கள்.

இந்த வாரம் பார்ப்பது மட்டும்தான் வேலை. வீடு எப்படி நடக்கிறது, யார் எப்போது எழுகிறார், எது எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அலமாரியை ஒழுங்குபடுத்தாதீர்கள், பழைய மேசையைத் தூக்கி எறியாதீர்கள். அந்த மேசையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ராத்திரியில் நடக்கிறார் என்பது பிறகுதான் தெரியும்.

11. இரண்டாம் வாரம் உரசல் வரும்

வந்த மகிழ்ச்சி அடங்கி, விருந்தாளி என்ற மரியாதையும் போய், ஆனால் வீட்டு ஆளாகவும் ஆகாத இடைவெளி இது. பெரும்பாலும் பத்தாம் நாளையொட்டி வரும். டிவி சத்தம், குளிக்கப் போகும் நேரம், குழந்தையை வளர்க்கும் விதம் என்று ஏதோ ஒன்றில் வெடிக்கும். "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்ற வாக்கியத்தை இந்த வாரம் முழுவதும் வாயைவிட்டு விடாதீர்கள். கேட்பவர் காதில் அது "நீங்கள் வாழ்வது சரியில்லை" என்று விழும்.

வழி ஒன்றுதான்: வீட்டில் தினமும் நடக்கும் ஒரு வேலையை முழுவதுமாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரை எடுத்துத் தருவது, பாத்திரம் கழுவுவது, உடன்பிறந்தவரின் பிள்ளையைப் பள்ளியில் விடுவது எதுவாகவும் இருக்கலாம். உதவி என்று அவ்வப்போது கை வைப்பதைவிட, ஒன்றே ஒன்று உங்கள் பொறுப்பில் இருப்பது உரசலைக் குறைக்கும். தினமும் ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். உங்களுக்கும் வீட்டாருக்கும் அந்த ஒரு மணி நேரம் தேவை.

குழந்தைகளுக்கு இந்த வாரம் அலுப்பு தட்டும். மொழி தடுமாறும் பிள்ளையைப் பெரியவர்கள் முன் நிறுத்திப் பேசச் சொல்லாதீர்கள். தாத்தாவோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுத்தால் பேச்சு தானாக வரும்.

12. பெற்றோரின் காரியங்கள்

மூன்றாவது பயணத்தில், வந்த ஆறாம் நாள், அம்மா ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உள்ளே ஏழு கவர்கள், ஒன்றும் பிரிக்கவில்லை. "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, நீ வந்தா கேக்கலாம்னு வெச்சிருந்தேன்." அதில் ஒன்று வங்கியிலிருந்து வந்தது. கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் நீங்களே கேளுங்கள்: பிரிக்காத கடிதம் உண்டா, புரியாத செய்தி போனில் வந்ததா, யாராவது பணம் கேட்டார்களா?

அப்பாவின் மாத்திரையிலும் இதே கதை. போனில் கேட்டால் "வேளாவேளைக்குச் சாப்பிடறேன்" என்பார். ஒரு காலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாரப் பெட்டியில் செவ்வாய்க்கிழமைக் கட்டம் நிறைந்தே இருந்தது, அன்று வியாழன். கட்டைவிரல் நகத்தை மூடியின் விளிம்பில் வைத்து இரண்டு முறை நெம்பினார், விரல் வழுக்கியது, பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். மறதி இல்லை, விரலில் பலம் இல்லை. இதை எந்த வீடியோ அழைப்பும் காட்டியிருக்காது.

செய்ய வேண்டியவற்றின் வரிசை: முதலில் மருத்துவரிடம் உடன் போய், எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எதற்கு என்ற குறிப்போடு எழுதி வாங்குங்கள். கண், காது, பல் மூன்றையும் பார்த்துவிடுங்கள், இவை தள்ளிப்போடப்படுபவை. அடுத்து வீட்டில் வழுக்கும் இடம், இருட்டான படி, பிடிமானம் இல்லாத குளியலறை. பிறகு காகிதங்கள்: கணக்குகளில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா, சொத்து ஆவணங்கள் எங்கே, உயில் உண்டா.

யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால் நீங்கள் நேரில் இருக்கும்போதே முடியுங்கள். வெளிநாட்டில் எழுதினால் அங்கே சான்றுறுதி, ஆவணத்தை வேறு நாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை அல்லது தூதரகச் சான்று என்று நீளும். அதிகாரத்தை எந்தக் காரியத்துக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லாவற்றுக்குமான பொது அதிகாரம் வேண்டாம்.

உயில், சொத்து பற்றிய பேச்சை எல்லா உடன்பிறந்தவர்களும் இருக்கும்போது மட்டும் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் தனியாகப் பெற்றோரிடம் பேசினார் என்ற பேச்சு, உள்நோக்கமே இல்லாவிட்டாலும், பல வருடம் உறுத்தும்.

13. நண்பர்கள்

பெரிய கூட்டமாக ஒருமுறை, பிறகு மூன்று நான்கு பேரைத் தனித்தனியாக. கூட்டத்தில் யாரும் உண்மையான நிலைமையைச் சொல்வதில்லை. இடத்தையும் நேரத்தையும் அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள். நமக்கு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த நட்பை வலிந்து பிடிக்க வேண்டாம்; ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு எழுந்துவிடலாம்.

பணம் கேட்பவர்கள் இருப்பார்கள். எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைக் கிளம்பும் முன்பே மொத்தமாக முடிவு செய்துவைத்திருந்தால், கேட்கும் நேரத்தில் தடுமாற மாட்டீர்கள். "யோசித்து வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

14. கிளம்பும் வாரம்

பெட்டியை மூன்று நாள் முன்பே கட்டி, எடை பார்த்து, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கூடத்தில் திறந்து கிடக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பெற்றோர் அந்த நாட்களைக் கழிக்கக் கூடாது.

நீங்கள் எடுத்துக்கொண்டிருந்த வேலையை முறையாக ஒப்படையுங்கள். மாத்திரைப் பட்டியல், மருத்துவரின் எண், அடுத்த சோதனைத் தேதி, எந்தக் காகிதம் எந்த உறையில் என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நகல் ஒன்று உடன் இருப்பவரிடம், ஒன்று உங்களிடம்.

அடுத்து எப்போது வருவோம் என்பதைப் பற்றி உத்தேசமாக ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் காப்பாற்ற முடியாத மாதத்தைச் சொல்லாதீர்கள். அம்மா அதைக் காலண்டரில் குறித்துக்கொள்வார். கடைசி நாள் மாலை யாரும் வழியனுப்ப வராதபடி, சொந்தக்காரர்களிடம் முந்தின நாளே விடைபெற்றுவிடுங்கள்.

15. திரும்பிய பிறகு

இறங்கியதும் அழைப்பது எல்லோரும் செய்வதுதான். நான்காம் நாள் அழைப்புதான் தவறிப்போகிறது. இங்கே வேலை குவிந்திருக்கும், அங்கே வீடு திடீரென்று காலியாக இருக்கும். முதல் இரண்டு வாரம் தினமும் ஐந்து நிமிடமாவது பேசுங்கள். உடன் இருப்பவரிடமும் தனியாகப் பேசுங்கள்.

மலேரியா பரவும் பகுதியிலிருந்து திரும்பியவருக்கு அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவரிடம் போய்ப் பயணத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு வாரத்துக்குள், நினைவு மங்கும் முன், அடுத்த பயணத்துக்கான தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள்: எந்த நாட்கள் வீணாயின, எந்தக் காகிதம் பாதியில் நிற்கிறது, யாரைப் பார்க்கவில்லை, எந்தக் கேள்வியை அப்பாவிடம் கேட்காமலே வந்துவிட்டீர்கள் என்று. அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அடுத்த பயணம் வரை வைத்திருக்காமல் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிடுங்கள்.